கதிரியக்கமும் அதன் அளவைகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையும் நாடகமும் நிறைந்த இவ்விழாவில் விஞ்ஞானத்துக்கும் சிறிது நேரம் ஒதுக்க வேண்டுமென்று செயற்குழுவினர் விரும்பினார்கள். கதிரியக்க அளவைகள் என்ற தலைப்பை நாம் கூறியபோது, 'அஃது அணு உலையில் பணிபுரிவோர் அறிய வேண்டிய பொருளாயிற்றே, குடும்பங்களுக்கு அதனால் ஆவதென்ன?' என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு விடை கூறியே இவ்வுரையைத் தொடங்குகிறோம்.

கதிரியக்கம் இன்று நம் வீட்டு வாசலைக் கடந்து உள்ளே வந்துவிட்டது. தைராய்டு நோய்க்குக் கதிரியக்க அயோடின் கொடுக்கிறார்கள். எலும்பையும் இதயத்தையும் படம் பிடிப்பதற்குக் கதிரியக்க மருந்தை ஊசி மூலம் ஏற்றுகிறார்கள். ஒரு மருத்துவமனைச் சீட்டில் '10 மில்லிகியூரி' என்றிருக்கிறது. அதே மருந்துக்கு மற்றொரு மருத்துவமனை '370 மெகாபெக்கொரல்' என்று எழுதுகிறது. சி.டி. படம் எடுத்தால் 'இத்தனை மில்லிசீவர்ட்' என்கிறார்கள். எங்கேனும் அணு உலையில் விபத்து நேர்ந்தால், பத்திரிகைகள் கோடி கோடியாகப் பெக்கொரல்களை அச்சிடுகின்றன. பழைய நூலைப் புரட்டினாலோ ராண்ட்ஜன், ராட், ரெம் என்ற பெயர்கள் எதிர்ப்படுகின்றன. இவற்றுள் எது எதற்குச் சமம், எது எதனோடு ஒப்பிடத்தக்கது என்பது தெரியாவிட்டால், அஞ்ச வேண்டாத இடத்தில் அஞ்சுவோம். அஞ்ச வேண்டிய இடத்தில் அயர்ந்திருப்போம். பின்னதன் விளைவை நாம் வாழும் இத்தலைநகரமே 2010ஆம் ஆண்டில் கண்டது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

முதலில் நமக்குப் பழக்கமான அளவைகளை நினைவுகூர்வோம். நம் ஊர்ப்புறங்களில் நெல்லையும் அரிசியையும் முகந்து அளந்தார்கள். 8 ஆழாக்கு ஒரு படி. 8 படி ஒரு மரக்கால். புளியையும் வெல்லத்தையும் நிறுத்து அளந்தார்கள். 40 பலம் ஒரு வீசை. 8 வீசை ஒரு மணங்கு. மரக்காலைப் படியாக்குவது எளிது. எட்டால் பெருக்கினால் போதும். மணங்கை வீசையாக்குவதும் அவ்வாறே. ஆனால், 'ஒரு படிக்கு எத்தனை பலம்?' என்று ஒருவர் கேட்டால், நம் பாட்டியார் உடனே, 'எதில் ஒரு படி? அரிசியா, அவலா, உப்பா?' என்று திருப்பிக் கேட்பார். முகத்தல் அளவை வேறு, நிறுத்தல் அளவை வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வேண்டுமானால் பொருள் இன்னதென்று தெரிந்தாக வேண்டும். இனி, 'ஒரு படி அரிசி எத்தனை பேருக்குப் பசியாற்றும்?' என்று கேட்டால், உண்பவர் யார் என்பதும் தெரிந்தாக வேண்டும்.

கதிரியக்க அளவைகளின் இரகசியம் முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது. இங்கும் முகத்தல் உண்டு, நிறுத்தல் உண்டு, பசியாற்றலும் உண்டு. ஒரு பொருள் எவ்வளவு கதிரியக்கம் உடையது என்பது முதல் கேள்வி. அக்கதிர் ஓர் உடலில் எவ்வளவு ஆற்றலை விட்டுச் சென்றது என்பது இரண்டாவது. அதனால் அவ்வுடலுக்கு எவ்வளவு தீங்கு நேரக்கூடும் என்பது மூன்றாவது. இம்மூன்று கேள்விகளுக்கும் தனித்தனி அலகுகள் உள்ளன.

முதற் கேள்வியை எடுத்துக்கொள்வோம். 1896இல் பாரிஸ் நகரில் ஹென்றி பெக்கொரல் என்னும் விஞ்ஞானி, யுரேனிய உப்பு வெளிச்சம் ஏதுமின்றியே புகைப்படத் தகட்டைக் கறுக்கச் செய்வதைக் கண்டார். 1898இல் மேரி கியூரி அம்மையாரும் அவர் கணவர் பியரி கியூரியும் பொலோனியத்தையும் ரேடியத்தையும் கண்டறிந்தனர். 1903ஆம் ஆண்டின் நோபல் பரிசு இம்மூவருக்கும் கிடைத்தது. கதிரியக்கப் பொருளின் அணுக்கருக்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிதைந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு சிதைவின்போதும் கதிர் வெளிப்படுகிறது. ஆகவே, ஒரு விநாடியில் எத்தனை கருக்கள் சிதைகின்றன என்று எண்ணிவிட்டால், அப்பொருளின் கதிரியக்கத்தை அளந்தவர்கள் ஆவோம்.

இவ்வாறு அளப்பதற்கு முதலில் ஒரு கிராம் ரேடியத்தை அடிப்படையாகக் கொண்டார்கள். அதனைச் சார்ந்து 1910இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் கூடிய மாநாட்டில் 'கியூரி' என்ற அலகு பிறந்தது. பிற்காலத்தில் ஒரு கியூரி என்பது விநாடிக்கு 3,700 கோடி சிதைவுகள் என்று திட்டமாக வரையறுக்கப்பட்டது. 1964இல் எடைகள், அளவைகளுக்கான சர்வதேச மாநாடும் இதனை ஏற்றது. நுட்பமாக அளந்து பார்த்தால், ஒரு கிராம் ரேடியத்தில் நிகழும் சிதைவு இதனினும் சற்றே குறைவு. எனினும் கணக்குக்கு வசதியாக 3,700 கோடி என்பதே நிலைத்துவிட்டது.

கியூரி மிகப் பெரிய அலகு. அது மரக்கால் என்றால், அன்றாட வேலைக்கு ஆழாக்கு வேண்டாமா? 1975இல் அதே சர்வதேச மாநாடு, விநாடிக்கு ஒரு சிதைவு என்பதைப் புதிய அலகாக ஏற்று, அதற்குப் பெக்கொரல் என்று பெயரிட்டது. கியூரி மிகப் பெரிதாயிருந்தது போலவே பெக்கொரல் மிகச் சிறிதாயிற்று. ஆகவே ஒன்றின் முன்னே 'மில்லி', 'மைக்ரோ' என்ற குறைக்கும் சொற்களையும், மற்றதன் முன்னே 'கிலோ', 'மெகா', 'கிகா' என்ற பெருக்கும் சொற்களையும் சேர்க்க வேண்டியதாயிற்று. மில்லி என்பது ஆயிரத்தில் ஒரு பங்கு. மைக்ரோ என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கிலோ என்பது ஆயிரம் மடங்கு. மெகா, பத்து லட்சம் மடங்கு. கிகா, நூறு கோடி மடங்கு.

இவற்றை இணைப்பது 37 என்ற ஒரே எண். அதனை நினைவிற் கொண்டால் போதும். 1 கியூரி, 37 கிகாபெக்கொரல். 1 மில்லிகியூரி, 37 மெகாபெக்கொரல். 1 மைக்ரோகியூரி, 37 கிலோபெக்கொரல். மேலே கூறிய மருத்துவச் சீட்டை இப்போது படித்துப் பாருங்கள். 10 மில்லிகியூரியை 37ஆல் பெருக்கினால் 370 மெகாபெக்கொரல். இரு சீட்டுகளும் ஒரே மருந்தைத்தான் குறிக்கின்றன. 'மில்லி' என்ற சொல்லைக் கேட்டு, 'ஏதோ சிறு துளிதான்' என்று ஒருவர் அலட்சியம் செய்யலாம். அதனையே விரித்து, '37 கோடி பெக்கொரல்' என்று எழுதினால் மற்றொருவருக்கு உறக்கம் வராது. மருந்து மாறவில்லை; பெயரின் முன்னொட்டு மட்டுமே மாறியது.

இந்த 37, வெளிநாட்டு அறிக்கைகளிலும் ஒளிந்திருக்கிறது. 1986 ஏப்ரல் 26ஆம் நாள் சோவியத் யூனியனைச் சேர்ந்த செர்னோபிலில் அணு உலை வெடித்தது. அங்கே எந்த நிலம் மாசுபட்டது என்று வகுத்தபோது, சதுர மீட்டருக்கு 37,000 பெக்கொரலுக்கு மேல் சீசியம் படிந்த நிலம் மாசுபட்டது என்று கணக்கிட்டார்கள். 35,000 என்றோ 40,000 என்றோ கொள்ளாமல் 37,000 என்று வைத்தது ஏன் என்று படிப்பவர் வியக்கக்கூடும். விடை எளிது. சதுர கிலோமீட்டருக்கு ஒரு கியூரி என்பதே அவர்கள் வகுத்த எல்லை. ஒரு சதுர கிலோமீட்டரில் பத்து லட்சம் சதுர மீட்டர் உண்டல்லவா? 3,700 கோடியைப் பத்து லட்சத்தால் வகுத்தால் 37,000 கிடைக்கிறது. அவ்வறிக்கைகளில் காணும் 185, 555, 1,480 கிலோபெக்கொரல் என்ற எண்களும் முறையே 5, 15, 40 கியூரிகளே. பழைய அலகு வேடம் புனைந்து புதிய அலகாக வந்து நிற்கிறது, அவ்வளவே.

இங்கு மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். அரிசியை அளந்து மூடி வைத்தால் நாளையும் அதே அளவு இருக்கும். கதிரியக்கப் பொருள் அவ்வாறன்று; நாளும் குறைந்துகொண்டே போகும். பாதியாகக் குறைவதற்கு ஆகும் காலத்தை அரைவாழ்வுக் காலம் என்பர். மருத்துவத்தில் பயன்படும் அயோடின் 131க்கு அது சுமார் 8 நாள். இன்று 370 மெகாபெக்கொரல் என்றால் 8 நாளில் 185. 16 நாளில் 92.5. படம் எடுப்பதற்குப் பயன்படும் டெக்னீஷியத்துக்கு 6 மணி நேரம். கோபால்ட் 60க்கு 5.27 ஆண்டு, சீசியம் 137க்குச் சுமார் 30 ஆண்டு. எனவே தேதி இல்லாத கதிரியக்கக் கணக்கு, தேதி இல்லாத காசோலையைப் போன்றது.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். கதிர் புறப்பட்டது, அது போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன செய்தது? இதனை அளக்க முதலில் காற்றைத்தான் கருவியாகக் கொண்டார்கள். எக்ஸ் கதிர் காற்றின் வழியே செல்லும்போது மின்னூட்டம் பிறக்கிறது. அம்மின்னூட்டத்தை அளக்கும் அலகுக்கு, 1895இல் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த ராண்ட்ஜன் அவர்களின் பெயரை 1928இல் வைத்தார்கள். ஆனால் நமக்குக் கவலை காற்றைப் பற்றியதன்று, உடலைப் பற்றியது. ஆகவே, ஒரு கிலோகிராம் எடையுள்ள பொருளில் கதிர் எவ்வளவு ஆற்றலை விட்டுச் சென்றது என்று கணக்கிடும் முறை வந்தது. 1953இல் அதற்கு 'ராட்' என்ற அலகும், 1975இல் 'கிரே' என்ற அலகும் ஏற்பட்டன. பின்னது லூயி ஹரால்ட் கிரே என்ற ஆங்கில விஞ்ஞானியின் பெயர். கிலோகிராமுக்கு ஒரு ஜூல் ஆற்றல் என்பதே ஒரு கிரே. 100 ராட் சேர்ந்தால் ஒரு கிரே.

ஒரு ஜூல் என்பது அற்ப ஆற்றல். 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் முழுவதும் ஒரே சமயத்தில் 4 கிரே கதிரைப் பெற்றது என்று வைத்துக்கொள்வோம். மொத்த ஆற்றல் 280 ஜூல். சூடான காப்பியில் ஒரு சிறு மிடறு அருந்தினால் அந்த அளவு வெப்பம் உடலிற் சேர்ந்துவிடும். உடலின் வெப்பநிலை ஒரு பாகையில் ஆயிரத்தில் ஒரு பங்கே உயரும். ஆயினும் தக்க சிகிச்சை கிட்டாவிட்டால், 4 கிரே பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இறப்பார்கள். காப்பியின் வெப்பம் உடலெங்கும் பரவி அடங்கிவிடுகிறது. கதிரின் ஆற்றலோ உயிரணுவின் நுண்ணிய இழைகளை நேரே சென்று அறுக்கிறது. எண் சிறியதென்று ஏமாறலாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

மூன்றாவது கேள்வி, தீங்கு பற்றியது. எல்லாக் கதிரும் ஒரே தன்மையுடையன அல்ல. காமா கதிரும் பீட்டா கதிரும் விட்டுச் செல்லும் ஆற்றலால் நேரும் தீங்கை 1 என்று கொண்டால், அதே அளவு ஆற்றலை விட்டுச் செல்லும் ஆல்ஃபா கதிரின் தீங்கை 20 என்று மதிக்கிறார்கள். உறுப்புக்கு உறுப்பு வேறுபாடும் உண்டு. இவற்றையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டுக் கிடைப்பதே சீவர்ட் என்னும் அலகு. ரால்ஃப் சீவர்ட் என்ற சுவீடன் நாட்டு விஞ்ஞானியின் பெயரால் 1979இல் அஃது ஏற்கப்பட்டது. அதற்கு முன்பிருந்தது ரெம். 100 ரெம் ஒரு சீவர்ட். ஆகவே 1 மில்லிசீவர்ட் என்றால் 100 மில்லிரெம்.

இந்த அலகைக் கொண்டே பாதுகாப்பு எல்லைகள் வகுக்கப்படுகின்றன. நம் நாட்டில் 1983இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி, கதிரியக்கத் துறைகளில் பணிபுரிவோர் பெறும் அளவு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டலாகாது. எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டவே கூடாது. பொதுமக்களுக்கு அத்துறையால் நேரும் அளவு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டே. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் இயற்கையாகவே மனிதர் பெறும் அளவு, உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். வயிற்றைச் சி.டி. படம் எடுத்தால் ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிசீவர்ட் வரை சேரும். தேவையான சி.டி. படத்தை மறுக்க வேண்டா. தேவையற்றதை வற்புறுத்திக் கேட்கவும் வேண்டா.

இதுவரை கூறிய மாற்றங்கள் யாவும் ஒரே குலத்துக்குள் நிகழ்ந்தவை. கியூரி பெக்கொரலாயிற்று, ராட் கிரேயாயிற்று, ரெம் சீவர்ட்டாயிற்று. அவை வெறும் பெருக்கல், வகுத்தல். 'இத்தனை பெக்கொரலுக்கு எத்தனை சீவர்ட்?' என்ற கேள்விதான் கடினமானது. 'ஒரு படிக்கு எத்தனை பலம்?' என்ற கேள்வியைப் போன்றது அது. எந்தப் பொருள், உடலுக்கு வெளியிலா உள்ளேயா, எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், யார் உடல் என்பனவற்றை அறியாமல் அதற்கு விடையே கிடையாது.

முதலில் உடலுக்கு வெளியில் உள்ளதைப் பார்ப்போம். 10 மில்லிகியூரி அயோடின் அருந்தி ஒருவர் வீடு திரும்புகிறார். அவரிடமிருந்து ஒரு மீட்டர் தொலைவில் இருப்பவர் தொடக்கத்தில் மணிக்குச் சுமார் 0.02 மில்லிசீவர்ட் பெறக்கூடும். நோயாளியின் உடலே ஓரளவு கதிரைத் தடுப்பதால் உண்மை அளவு இதனினும் சிறிது குறையும். இரண்டு மீட்டர் விலகினால் அது நான்கில் ஒரு பங்காகும். அரை மீட்டருக்கு நெருங்கினால் நான்கு மடங்காகும். குழந்தையைச் சில நாள் மடியில் வைத்துக்கொள்ள வேண்டா என்றும், தனிப் படுக்கை கொள்ளுமாறும் மருத்துவர் கூறுவதன் காரணம் இதுவே. அந்நாட்களில் வீட்டுப் பெரியவரை ஒதுக்கிவைத்து அவர் மனத்தைப் புண்படுத்துவதும் வேண்டா. 'இதற்கெல்லாம் என்ன' என்று பேரக் குழந்தையை அவர் மடியில் இருத்துவதும் வேண்டா. இரண்டு மீட்டர் இடைவெளியில் நாற்காலி போட்டு அமர்ந்து, அவரோடு சிறிது நேரம் உரையாடலாம். மருத்துவர் குறித்த நாள் கடந்ததும் பழையபடி பழகலாம். தூரமும் நேரமும் கணக்கில் வந்துவிட்டால் அச்சத்துக்கு இடமில்லை.

இனி உடலுக்குள் சென்றது. ஆயிரம் பெக்கொரல் சீசியம் 137 உணவோடு சென்றால், வயது வந்தவர் பெறுவது சுமார் 0.013 மில்லிசீவர்ட். அதே ஆயிரம் பெக்கொரல் அயோடின் 131 என்றால் 0.022. அதே ஆயிரம், ஆல்ஃபா கதிரை உமிழும் பொலோனியம் 210 என்றால் 1.2 மில்லிசீவர்ட். படி ஒன்றுதான், தானியம் வேறு. உண்பவரும் மாறினால்? அதே ஆயிரம் பெக்கொரல் அயோடின் பாலில் கலந்து கைக்குழந்தையின் வயிற்றிற் சென்றால், 0.022க்குப் பதிலாக 0.18 மில்லிசீவர்ட், ஏறத்தாழ எட்டு மடங்கு. குழந்தையின் தைராய்டுச் சுரப்பி சிறியது. சிறிய இடத்தில் அதே ஆற்றல் குவிகிறது. செர்னோபில் விபத்துக்குப் பின்னர், அயோடின் கலந்த பாலை அருந்திய பிள்ளைகளிடம் தைராய்டுப் புற்றுநோய் பெருகியது. ஒரே பாலை ஒரே கிண்ணத்தில் தந்தைக்கும் மகவுக்கும் கொடுத்தாலும், பெக்கொரல் சமமே ஒழியத் தீங்கு சமமன்று.

அலகுகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினால் நேர்வதென்ன என்பதற்கும் செர்னோபிலே உதாரணம். விபத்து நேர்ந்த இரவில் அங்கே கைவசம் இருந்த அளவுமானிகள் விநாடிக்கு 1,000 மைக்ரோராண்ட்ஜன் வரையே காட்ட வல்லவை. முள் எல்லையைத் தொட்டு நின்றது. அதனை மணிக் கணக்கில் மாற்றினால் 3.6 ராண்ட்ஜன். 'மணிக்கு 3.6' என்ற செய்தி மேலிடங்களுக்குச் சென்றது. பெருக்கல் சரியே, 3,600 விநாடி ஒரு மணி என்பதில் பிழையில்லை. ஆனால் அந்த எண் கதிரின் அளவன்று, கருவியின் எல்லை. சிதறிக் கிடந்த உலைப் பகுதிகளுக்கருகில் உண்மையில் மணிக்கு ஆயிரக்கணக்கான ராண்ட்ஜன் இருந்தது. கடுமையான கதிர் நோய் கண்ட ஊழியர்களும் தீயணைப்பாளர்களும் 134 பேர். அவர்களுள் 28 பேர் சில மாதங்களுக்குள் மாண்டனர். சரியான பெருக்கலும் தவறான எண்ணைச் சரியாக்காது.

இப்போது தொடக்கத்தில் கூறிய தலைநகர நிகழ்ச்சிக்கு வருகிறோம். 2010இல் ஓர் ஆய்வுக்கூடத்தில் பல்லாண்டுகளாகப் பயன்பாடின்றிக் கிடந்த கருவி ஒன்று பழைய இரும்பாக ஏலத்தில் விற்கப்பட்டது. அதனுள் கோபால்ட் 60 இருந்தது. மாயாபுரியின் பழைய இரும்புச் சந்தையில் அதனைப் பிரித்துத் துண்டாக்கினார்கள். அவ்வாண்டு ஏப்ரலில் அங்கே பணிபுரிந்த எளிய தொழிலாளர்கள் தோல் கறுத்து, முடி உதிர்ந்து மருத்துவமனையிற் சேர்ந்தார்கள். அவர்களுள் ஒருவர் உயிரிழந்தார். பழைய பொருள்தானே, வலிமை போயிருக்கும் என்று எண்ணுவோர் அரைவாழ்வுக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். கோபால்ட் 60, 25 ஆண்டுகளில் சுமார் 27இல் ஒரு பங்காகத்தான் குறையும். ஆயிரம் கியூரி இருந்த இடத்தில் 37 கியூரி எஞ்சும். வெறுங்கையால் தொடுவோருக்கு அது கொடிய நஞ்சு.

இதற்கு முன்பே, 1987இல் பிரேசில் நாட்டின் கோயானியா நகரில் கைவிடப்பட்ட மருத்துவக் கருவி ஒன்றைச் சிலர் எடுத்துச் சென்று பிரித்தார்கள். உள்ளிருந்த சீசியம் உப்பு இருளில் நீல ஒளி வீசியதால் வியந்து, உற்றார் உறவினருக்கும் பகிர்ந்தளித்தார்கள். அதன் அளவு 1,375 கியூரி. 37ஆல் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 50,900 கிகாபெக்கொரல். எடையோ 100 கிராமுக்கும் குறைவு. நால்வர் இறந்தனர், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சோதிக்க வேண்டியதாயிற்று. மாயாபுரியிலும் கோயானியாவிலும் துன்புற்றவர்களுக்கு அலகு பற்றிய அறிவு எவரும் அளிக்கவில்லை. பெட்டியின் மீதிருந்த குறி இன்னதென்று கூடச் சொல்லித் தரவில்லை. மஞ்சள் நிறப் பின்னணியில் மூன்று இதழ் கொண்ட விசிறி போன்ற அடையாளத்தை நம் பிள்ளைகளுக்குக் காட்டி வையுங்கள். அதனைக் கண்டால் தொடாமல் விலகி, காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். நம் வீட்டுக்குப் பழைய பொருள் வாங்க வரும் தொழிலாளிக்கும் இதனைச் சொல்லி வைப்பது நம் கடமை.

இவ்வளவும் கேட்டபின், கதிரியக்கம் என்றாலே நடுங்க வேண்டும் என்று எவரும் எண்ணலாகாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது நம்மவர் பழமொழி. நம் உடலிலேயே பொட்டாசியம் இருக்கிறது. அதில் ஒரு சிறு பங்கு கதிரியக்கம் உடையது. ஒவ்வொருவர் உடலிலும் விநாடிக்கு ஏறத்தாழ 4,000 கருக்கள் சிதைந்துகொண்டே இருக்கின்றன. 4,000 பெக்கொரல் என்றால் திகைப்பாயிருக்கும். மைக்ரோகியூரியில் கூறினால் பத்தில் ஒரு பங்கு. ஓர் ஆண்டில் அதனால் நாம் பெறுவது 0.17 மில்லிசீவர்ட்டே. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவறாவிலும் கடற்கரை மணலில் தோரியம் கலந்துள்ளது. அங்கே சில இடங்களில் இயற்கைக் கதிர் உலகச் சராசரியைப் போலப் பன்மடங்கு. தலைமுறை தலைமுறையாக மக்கள் அங்கு வாழ்ந்து வருகிறார்கள். கேரளத்தின் கருநாகப்பள்ளிப் பகுதி மக்களைப் பல்லாண்டு கவனித்து 2009இல் வெளியான ஆய்வில், அக்கதிரால் புற்றுநோய் மிகுந்ததாகத் தென்படவில்லை.

நிறைவாக, ஒரு கதிரியக்க எண்ணைக் கண்டால் கேட்க வேண்டிய கேள்விகளைத் தொகுத்துக் கூறுகிறோம். இவ்வெண் எக்குலத்தைச் சேர்ந்தது, பொருளைப் பற்றியதா, உடலைப் பற்றியதா? பொருளைப் பற்றியதானால், எந்தப் பொருள், எந்தத் தேதியில், எவ்வளவு தொலைவில்? உடலைப் பற்றியதானால், ஒரு மணிக்கா, ஓர் ஆண்டுக்கா, ஒரே தடவைக்கா? பெறுபவர் பெரியவரா, குழந்தையா? இக்கேள்விகளுக்கு விடை கிடைத்தபின் கணக்கிடுவது பள்ளிப் பிள்ளைக்கும் இயலும்.

மலரைப் பாதுகாத்து வைப்போரின் பயனுக்காக மாற்று அளவுகளைச் சுருக்கமாகத் தருகிறோம்.

1 கியூரி = 37 கிகாபெக்கொரல்
1 மில்லிகியூரி = 37 மெகாபெக்கொரல்
1 மைக்ரோகியூரி = 37 கிலோபெக்கொரல்
1 கிரே = 100 ராட்
1 சீவர்ட் = 100 ரெம்
1 மில்லிசீவர்ட் = 100 மில்லிரெம்
எக்ஸ் கதிர், காமா கதிர் ஆகியவற்றுக்கு மட்டும், 1 ராண்ட்ஜன் உடல் தசையில் சுமார் 0.96 ராட், தோராயமாக 10 மில்லிசீவர்ட் எனக் கொள்ளலாம்.

பெக்கொரலிலிருந்து சீவர்ட்டுக்குச் செல்லும் வரி இப்பட்டியலில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதனை எவரேனும் ஒரே எண்ணால் எழுதிக் காட்டினால், 'எதில் ஒரு படி?' என்று நம் பாட்டியார் கேட்டதை நீங்களும் தயங்காமல் கேளுங்கள்.